முதல் தடவையாகக் கொல்கத்தா: நானும் மனைவியும் போகிறோம், திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

காவிரிக்கரை | டிசம்பர் 3, இரவு 9:40

வணக்கம். பொங்கல் முடிந்த கையோடு நானும் மனைவியும் கொல்கத்தா போகிறோம். இருவருக்கும் ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. இதுவரை வெளியூர் என்றால் கோவில், இல்லையென்றால் கல்யாணம். ஒரு ஊரை ஊருக்காகவே பார்க்கக் கிளம்புவது இதுதான் முதல் முறை. திருச்சியிலிருந்து ஹவுராவுக்கு வாரம் இருமுறை நேரடி ரயில் இருப்பதால் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஞாயிறு காலை இறங்கி, வியாழன் மாலை திரும்புகிறோம்.

ஞாயிறு: ஹவுரா பாலம், காளிகாட், காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகள், காபி ஹவுஸ்
திங்கள்: விக்டோரியா மெமோரியல், இந்தியன் மியூசியம், தாகூர் வீடு, நேதாஜி வீடு
செவ்வாய்: சுந்தரவனம் போய் வருவது
புதன்: தட்சிணேஸ்வரம், பேலூர் மடம், குமார்டுலி, நியூ மார்க்கெட், பார்க் ஸ்ட்ரீட்

மனைவி சுத்த சைவம், நான் மீன் சாப்பிடுவேன். புடவை எடுக்க நேரம் ஒதுக்க வேண்டுமாம், அதை எங்கே நுழைப்பது என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

லேக்மார்க்கெட்_மாமி | டிசம்பர் 3, இரவு 10:25

சார், திங்கட்கிழமைக்கு நாலு இடம் போட்டிருக்கிறீர்கள். நாலும் திங்கட்கிழமை பூட்டு! விக்டோரியாவில் தோட்டம் மட்டும் திறந்திருக்கும், உள்ளே காட்சிக்கூடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்குக் காலேஜ் ஸ்ட்ரீட். அன்றைக்கு அங்கே பெரும்பாலான கடைகளில் ஷட்டரைத்தான் பார்க்கலாம். தேடிப் பிடித்துப் போட்டது மாதிரி இருக்கிறது.

சுந்தரவனத்தை எடுத்துவிடுங்கள். படகு ஏறும் கோட்காலிக்கே நூறு கிலோமீட்டர் சாலை, ஒரு வழிக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. காலையில் போய் இரவு திரும்பினால் பார்த்தது நெடுஞ்சாலையும் கொஞ்சம் சேறும்தான். அதற்கு அங்கேயே இரண்டு இரவு தங்கவேண்டும், வேறொரு தடவை போங்கள்.

தங்குவதற்கு ராஷ்பிஹாரி அவென்யூ பக்கம் பாருங்கள், காளிகாட் மெட்ரோ நிலையத்தை ஒட்டி. நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக லேக் மார்க்கெட்டைச் சுற்றித்தான் குடியிருக்கிறார்கள். கறிவேப்பிலை, வாழை இலை, மல்லிகைப் பூ, காபிப் பொடி எல்லாம் நடக்கிற தூரம். வீட்டுக்காரிக்கு இரண்டாம் நாளே இட்லி ஞாபகம் வந்தாலும் சமாளிக்கலாம்.

---

பாய்லர்_பாலு | டிசம்பர் 4, காலை 7:15

வேலை விஷயமாக அந்த ஊரில் கொஞ்ச காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாலு நாள் அதிகம். தூசி, கூட்டம், ஹாரன். வெள்ளைக்காரன் 1911-ல் தலைநகரை டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்தான், அதற்கப்புறம் அந்த ஊருக்கு யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. ஒரு நாள் கொல்கத்தா, மீதியை டார்ஜிலிங்கில் கழியுங்கள். அம்மாவுக்கும் மலை பிடிக்கும்.

---

ரயில்பித்தன் | டிசம்பர் 4, காலை 8:02

பாலு அண்ணே, ஜனவரியில் டார்ஜிலிங் குளிர் திருச்சிக்காரருக்கு விளையாட்டா? போக ஒரு இரவு, வர ஒரு இரவு. மிச்சம் என்ன இருக்கிறது?

காவிரிக்கரை சார், உங்கள் பட்டியலில் பார்க்கவேண்டிய இடங்கள் இருக்கின்றன, ஏறவேண்டிய வண்டி ஒன்றுகூட இல்லை. அந்த ஊரில் போக்குவரத்தே பாதி வேடிக்கை.

ஹவுராவில் இறங்கியதும் டாக்சி வரிசைக்கு ஓடாதீர்கள். எதிரிலேயே படகுத்துறை. சில ரூபாய் டிக்கெட்டில் ஹூக்ளியைக் கடந்துவிடலாம். பாலத்தைப் பார்க்க ஆற்று நடுவைவிட நல்ல இடம் கிடையாது. 1943 பிப்ரவரியில் திறந்தார்கள். 26,500 டன் எஃகு, அதில் பெரும்பகுதி டாடாவுடையது. உலகப்போர் நேரம் என்பதால் இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய எஃகு வராமல் போனது. நட்டு போல்ட்டு கிடையாது, முழுக்க ரிவெட். ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை, இரு கரையிலிருந்தும் நீளும் கைகள் நடுப்பகுதியைத் தாங்குகின்றன. 1965-ல் ரவீந்திர சேது என்று பெயர் வைத்தார்கள். இன்றும் எல்லோரும் ஹவுரா பாலம் என்றுதான் சொல்கிறார்கள்.

திரும்பும்போது அதே ஆற்றை அடியில் கடந்து போங்கள். இந்தியாவில் ஆற்றுக்குக் கீழே மெட்ரோ ஓடுவது முதலில் இங்கேதான், மார்ச் 2024-ல் ஆரம்பித்தது. நீருக்கு அடியில் 520 மீட்டர் தூரத்தை 45 வினாடியில் தாண்டிவிடும். சுரங்கச் சுவரில் நீல விளக்கு எரியும், அப்போதுதான் ஆற்றுக்குக் கீழே இருப்பது தெரியும். ஆகஸ்ட் 2025-லிருந்து அந்தத் தடம் ஹவுரா மைதானத்திலிருந்து செக்டர் ஐந்து வரை முழுதாக ஓடுகிறது. நாட்டின் முதல் மெட்ரோவும் இதே ஊரில்தான், 1984 அக்டோபர் 24, எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை.

அப்புறம் டிராம். இதைத் தள்ளிப் போடாதீர்கள். 1873-ல் குதிரை இழுத்தது, 1902-ல் மின்சாரம். (மின்சார டிராமில் நம் சென்னை முந்தி, 1895. ஆனால் 1953-ல் மூடிவிட்டோம்.) 2024-ல் மைதானம் பக்கம் ஒரு சிறு பாரம்பரியத் தடம் தவிர மீதியை நிறுத்தப் போவதாக அரசு அறிவித்தது, விவகாரம் உயர்நீதிமன்றத்தில் நடக்கிறது. இப்போது ஓரிரு தடங்கள்தான் மிச்சம். நீங்கள் போகும்போது எது ஓடுகிறதோ அதில் ஏறுங்கள். எஸ்பிளனேடிலிருந்து சியாம்பஜார் போகும் வண்டி கிடைத்தால் ஜன்னலோரம் உட்காருங்கள், காலேஜ் ஸ்ட்ரீட் வழியாகத்தான் போகும். வேகத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

---

பொடிநடை | டிசம்பர் 4, மாலை 6:48

ரயில்பித்தன் சொன்னதற்கு என் ஓட்டு. இடங்களின் பட்டியலை விட்டுவிட்டு நேரங்களின் பட்டியல் போடுங்கள் என்பேன். கொல்கத்தாவின் நல்ல முகம் விடியற்காலையில். ஆறு மணிக்கு முன்பே மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போங்கள், ஹவுரா பாலத்தின் கிழக்கு முனையில் கீழே இறங்கினால் அதுதான். செண்டுமல்லி மாலையை மூட்டை மூட்டையாகத் தலையில் சுமந்து வருவார்கள். காளிக்கு உரிய செம்பருத்தி தனியாகக் கோத்துக் கிடக்கும், இவ்வளவு செம்பருத்தியை ஒரே இடத்தில் நம் ஊர்ச் சந்தையில் பார்க்க முடியாது. ஒன்பது மணிக்குப் போனால் சேறும் வாடிய இலையும்தான்.

மண் சிலை செய்பவர்களின் குமார்டுலி இரண்டாவது. நீங்கள் போகும் வாரம் ரொம்பப் பொருத்தம். 2026 ஜனவரி 23 சரஸ்வதி பூஜை. அங்கே அதற்கு வீட்டுக்கு வீடு, பள்ளிக்குப் பள்ளி சிலை வைப்பார்கள், ஆகவே முந்தைய வாரம் அந்தத் தெரு முழுக்க வெள்ளைச் சரஸ்வதிகள் நிற்பார்கள். மூங்கில் சட்டம், அதன் மேல் வைக்கோல், அதன் மேல் ஆற்று மண், காய்ந்தபின் வர்ணம், கடைசியில் கண். இந்த எல்லா நிலையிலும் சிலைகள் ஒரே சந்துக்குள் இருக்கும். ஷோபாபஜார் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். வேலை செய்பவரைப் படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

விக்டோரியா மெமோரியலை வெளியில் நின்று பார்த்தால் போதும். என் கருத்து, அடிக்க வராதீர்கள். அந்த நேரத்தில் சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைக்குப் போகலாம். 1767-ல் திறந்தது. மரமும் பாசியும் கோபுரம் கோபுரமாகக் கல்லறைகளும். சமஸ்கிருதமும் கிரேக்கமும் ஒரே வேரிலிருந்து வந்திருக்கவேண்டும் என்று சொன்ன வில்லியம் ஜோன்ஸ் அங்கேதான் இருக்கிறார்.

---

லேக்மார்க்கெட்_மாமி | டிசம்பர் 4, இரவு 8:30

அடிக்கத்தான் வருகிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து முதல் முறையாக இரண்டு பேரும் ஊர் சுற்றக் கிளம்பியிருக்கிறார்கள், அவர்களைச் சுடுகாட்டுக்கு அனுப்புகிறீர்கள்!

விக்டோரியாவை ஏன் விடவேண்டும்? தாஜ்மகாலுக்கு வந்த அதே மக்ரானா பளிங்கு. 1906-ல் அடிக்கல், 1921-ல் திறப்பு. ராணி மேல் நமக்குப் பாசம் இல்லை, சரி. ஆனால் அதைக் கட்டிய ஒரு கோடியே ஐந்து லட்சம் ரூபாயும் நன்கொடையாக வந்த பணம், அதில் நம் ராஜாக்களுடையது நிறைய. நம் பணத்தில் கட்டியதை நாம் உள்ளே போய்ப் பார்க்கக் கூடாதா? சாயங்காலம் தோட்டத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

---

பொடிநடை | டிசம்பர் 4, இரவு 8:52

மாமி, தோட்டத்துக்கு நானும் கட்சி. உள்ளே காலை ஒடித்துக்கொள்ளும் அளவுக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்கிறேன். நடக்கத் தெம்பு இருந்தால் அதை இந்தியன் மியூசியத்தில் செலவழிக்கட்டும். 1814-ல் தொடங்கியது, நாட்டில் இதுதான் மிகப் பழசு. எல்லோரும் எகிப்து மம்மியைப் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் பார்ஹூத் அறைக்குப் போங்கள். இரண்டாயிரம் ஆண்டு தாண்டிய சிவப்புக் கல் வேலியில் ஜாதகக் கதைகள். அங்கே புத்தரை உருவமாகச் செதுக்கியிருக்க மாட்டார்கள், மரம், சக்கரம், பாதச்சுவடு என்றுதான் காட்டியிருப்பார்கள்.

---

பாய்லர்_பாலு | டிசம்பர் 4, இரவு 9:10

கல்லறை, பழைய கல், பழைய டிராம். நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள், மரியாதையாக.

---

ரயில்பித்தன் | டிசம்பர் 4, இரவு 9:14

அண்ணே, நீங்கள் போனது எந்த மாதம்?

---

பாய்லர்_பாலு | டிசம்பர் 4, இரவு 9:20

மே, ஜூன்.

---

ரயில்பித்தன் | டிசம்பர் 4, இரவு 9:21

சரி. வழக்கு முடிந்தது.

---

காவிரிக்கரை | டிசம்பர் 5, மாலை 5:30

அவருடைய மனைவி எழுதுகிறேன். எல்லோருக்கும் வணக்கம். இவர் கேட்காத விஷயங்களை நான் கேட்கிறேன். ஒன்று சாப்பாடு. மீன் ஊரில் சைவம் என்று சொன்னால் புரியுமா? இன்னொன்று, காளிகாட் போகலாமா வேண்டாமா? பயமுறுத்துகிறார்கள். மூன்றாவது புடவை. கடை பெயர் வேண்டாம், எந்தப் புடவை என்று சொல்லுங்கள் போதும்.

---

லேக்மார்க்கெட்_மாமி | டிசம்பர் 5, இரவு 7:05

வாருங்கள் வாருங்கள், நீங்கள் வந்தால்தான் சரிப்படும்.

"நிராமிஷ்" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். ஆனால் சாதாரண ஹோட்டலில் பருப்பு, முட்டைக்கோஸ் என்று பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இரண்டிலும் மீன் தலை போட்டுச் சமைக்கும் வழக்கம் உண்டு. கேட்டுவிட்டே வாங்குங்கள். காலையில் ஸ்வீட் கடைகளில் கொச்சூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் கிடைக்கும். லூச்சி, தேங்காய்ப் பல் போட்ட கடலைப் பருப்பு, வாழைப்பூக் கறி, கசகசா அரைத்த உருளைக்கிழங்கு எல்லாம் உங்களுக்குப் பிடிக்கும். கடுகெண்ணெய் வாசனைதான் முதல் நாள் கொஞ்சம் தூக்கும். உங்கள் வீட்டுக்காரர் ஜனவரியில் இலிஷ் கேட்டுத் தொந்தரவு செய்யவேண்டாம், அது மழைக்கால மீன். பேட்கியை வாழை இலையில் கடுகு அரைத்து மடித்து வேகவைத்த பாத்தூரி கேட்கட்டும்.

காளிகாட் கட்டாயம் போங்கள், சக்தி பீடம். இப்போதுள்ள கோவில் 1809-ல் கட்டியது. மூன்று கண்ணும் நீண்ட பொன் நாக்குமாக அம்மனின் முகம் நம் ஊர் அம்மன்கள் மாதிரியே இருக்காது. விடிந்ததும் போங்கள், செவ்வாய், சனி வேண்டாம். வழியில் "சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்" என்று கையைப் பிடிப்பவரிடம் நிற்காமல் நடங்கள், கூடையில் பூ வைத்துத் திணித்தால் வாங்காதீர்கள். அவ்வளவுதான், இதில் பயப்பட ஒன்றுமில்லை.

புடவைக்குக் கரியாஹாட். தினமும் கட்ட தாந்த் பருத்தி, தனியாகாலி ஊரில் நெய்தது இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நல்ல புடவைக்கு ஜம்தானி. பாலுச்சரியில் முந்தானை முழுக்கக் கதை நெய்திருக்கும், விலையும் அப்படி. சாலையோரக் கடையில் பேரம் பேசுங்கள், கைத்தறியா விசைத்தறியா என்று புரட்டிப் பாருங்கள். ஜம்தானி என்றால் பின்பக்கம் சொல்லிவிடும்.

புதிய திட்டம் இது. ஞாயிறு படகு, ஓய்வு, மாலை பிரின்ஸெப் காட். திங்கள் காலை ஏழுக்குள் மெட்ரோவில் தட்சிணேஸ்வரம், அங்கிருந்து படகில் பேலூர். இரண்டு இடமும் மதியம் நடை சாத்திவிடும், பேலூர் முதலில். அதனால் பத்து மணிக்குள் பேலூரில் இருங்கள். மாலை குமார்டுலி. செவ்வாய் மியூசியம், விக்டோரியா. புதன் பூச்சந்தை, காலேஜ் ஸ்ட்ரீட், டிராம், சாயங்காலம் கரியாஹாட். வியாழன் விடிகாலை காளிகாட், அப்புறம் மிச்சம் மீதி.

---

சயாம்_பேரன் | டிசம்பர் 6, காலை 10:12

நேதாஜி வீட்டை யாரும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். எல்ஜின் ரோடு, நேதாஜி பவன் மெட்ரோவிலிருந்து நடந்துவிடலாம். வீட்டுக்காவலில் இருந்தவர் 1941 ஜனவரியில் ராத்திரியோடு ராத்திரியாகத் தப்பிப் போன வாண்டரர் கார் அங்கே நிற்கிறது. அண்ணன் மகன் சிசிர் போஸ்தான் ஓட்டினார். அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டத்திலிருந்து போய்ச் சேர்ந்த தமிழர்கள் எத்தனை பேர்! எங்கள் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் சார்.

---

காவிரிக்கரை | ஜனவரி 27, இரவு 8:15

போய் வந்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக மாமிக்கு. ஏறக்குறைய அவர் போட்டுக் கொடுத்தபடியே போனோம்.

படகிலிருந்து பார்த்த பாலம் பற்றி ரயில்பித்தன் சொன்னது குறைவு. கீழே போகும்போது மொத்தப் படகும் ஒரு நிமிஷம் நிழலில் இருந்தது. சங்கராந்திக்குக் கங்காசாகரில் நீராடித் திரும்பும் கூட்டம் ஹவுராப் பக்கம் இன்னும் குறையவில்லை, தலையில் மூட்டையோடு வடநாட்டுக் கிராமத்து ஜனங்கள். மகர சங்கராந்திக்கு ஒரு வாரம் தள்ளிப் போக முடிந்தால் நல்லது.

பிரின்ஸெப் காட்டில் வெள்ளைத் தூண்கள், பின்னால் வித்யாசாகர் சேது. எந்த பிரின்ஸெப் என்று அறைக்குப் போனபிறகு தேடினேன். பிராமி எழுத்தைப் படித்துக் காட்டினாரே, அவரேதான். நம் தமிழி கல்வெட்டுகளைப் பின்னால் மற்றவர்கள் படிக்க முடிந்ததற்கும் அவர் வேலைதான் வழிவிட்டது. அங்கே உட்கார்ந்து கடலை தின்றவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? எனக்கும் அன்றுதான் தெரியும்.

சர்ச்சைக்கு வருகிறேன். விக்டோரியா விஷயத்தில் பொடிநடை கட்சிக்கு என் ஓட்டு, மாமி மன்னிக்கவும். தோட்டம் அருமை, உள்ளே அரை மணியில் வெளியே வந்துவிட்டோம். பார்ஹூத் அறையில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல். மற்ற கூடங்களில் வெளிச்சம் போதவில்லை, பெயர்ப்பலகை படிக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸில் காபி சுமார்தான். ஆனால் மாடியிலிருந்து கீழே பார்த்தால் மேஜைக்கு மேஜை வாக்குவாதம், தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள், காதைப் பிளக்கும் இரைச்சல். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. டிராம் கிடைத்தது. சியாம்பஜார் வரை பாதி தூரம் ஒரு மீன்பாடி வண்டி எங்களுக்கு முன்னால் போனது, கடைசி வரை அதை முந்தவில்லை.

நேதாஜியின் காரைப் பார்த்தோம். சயாம்_பேரனுக்குத் தனி நன்றி.

மீதியை இவள் எழுதுவாளாம்.

---

காவிரிக்கரை | ஜனவரி 27, இரவு 8:50

தட்சிணேஸ்வரத்தில் வரிசையில் நிற்கும்போதுதான் கவனித்தேன், ஆற்றோரம் வரிசையாகப் பன்னிரண்டு சிவன் சன்னதி, எதிரே ஒன்பது கோபுரத்தோடு பவதாரிணி காளி. 1855-ல் ராணி ராஷ்மோனி கட்டியது. அந்த அம்மாள் விதவை, உயர்ந்த சாதியும் இல்லை. அதனால் பூஜைக்கு ஆள் கிடைக்காமல் தேடி, வந்த குடும்பத்தில் ஒருவர்தான் ராமகிருஷ்ணர். கன்னியாகுமரிப் பாறைக்குப் போகும்போதெல்லாம் விவேகானந்தர் கதை கேட்டிருக்கிறேன், இந்த அம்மாள் கதையை யாரும் சொன்னதில்லை.

பேலூரில் கூட்டம் இருந்தும் சத்தம் இல்லை. படகில் போனதுதான் எனக்குப் பிடித்தது, வெயிலும் இல்லை.

குமார்டுலியில் இவர் வைக்கோல் கட்டுவதைப் பார்த்தார். நான் அலங்காரக் கடைகளைப் பார்த்தேன். சோலாப்பித் என்று ஒரு தக்கை, நம் நெட்டி மாதிரி, அதில் கிரீடம் செதுக்குகிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் என்பதால் எனக்குக் கால் நகரவில்லை. சரஸ்வதி கையில் வீணை மட்டும் சின்னதாக இருக்கிறது, நம் தஞ்சாவூர் வீணையின் கனம் அதற்குக் கிடையாது.

சாப்பாட்டில் ஒரு இடத்தில் கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன், அப்படியும் பருப்பில் மீன் வாடை. தட்டை அப்படியே வைத்துவிட்டேன். கடைக்காரர் வருத்தப்பட்டுக் காசு வாங்கவில்லை. மறுநாளிலிருந்து காலையில் கொச்சூரி, மதியம் லேக் மார்க்கெட்டில் சாதம். அந்தக் கசகசா உருளைக்கிழங்கை வீட்டில் செய்து பார்த்தேன், அந்த அளவு கசகசா நம் ஊர் விலைக்குக் கட்டுபடியாகாது!

புடவை: இரண்டு தாந்த், ஒரு ஜம்தானி. பாலுச்சரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைக்கச் சொன்னேன்.

---

மணமேல்குடி | ஜனவரி 28, காலை 9:05

நல்ல பதிவு. நாங்களும் பிப்ரவரி கடைசியில் போகிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி. மெட்ரோவில் படி ஏறவேண்டியிருக்குமா? நொலேன் குர் (புது ஈச்ச வெல்லம்) ஸ்வீட் அப்போது கிடைக்குமா, ரயிலில் கெடாமல் வருமா?

---

ரயில்பித்தன் | ஜனவரி 28, காலை 9:40

புதிய தடத்தில் மின்படிக்கட்டும் லிஃப்டும் உண்டு. ஹவுரா நிலையம் மட்டும் தரைக்கு முப்பது மீட்டருக்கு மேல் ஆழம், லிஃப்ட் எந்தப் பக்கம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய தடத்தில் சில வாயில்களில் வெறும் படிதான், ஊழியரிடம் கேட்டால் சரியான வாயிலைக் காட்டுவார். படகுத்துறையில் பலகை ஆடும், ஏறும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

---

லேக்மார்க்கெட்_மாமி | ஜனவரி 28, காலை 11:30

புது ஈச்ச வெல்லம் குளிர் இருக்கும் வரைதான். பிப்ரவரி கடைசி என்றால் வால் பகுதி, இருந்தாலும் கிடைக்கும். தண்ணீராக இருக்கும் வெல்லத்தை வாங்காதீர்கள், வழியிலேயே புளிக்கும். கட்டி வெல்லம், பட்டாலி என்று கேளுங்கள், அது தாங்கும். சந்தேஷ் வாங்கினால் மெத்தென்று இருப்பது அன்றைக்கே தின்ன, ஊருக்கு எடுத்துப்போக "கடாபாக்" என்று கெட்டியாகக் கிண்டியதைக் கேளுங்கள், ரயில் பயணத்தைத் தாங்கும். ரசகுல்லா டப்பாவை மட்டும் மேல் பெர்த்தில் வைக்காதீர்கள், ஜீரா ஒழுகினால் கீழே இருப்பவரோடு ஊர் வரும் வரை சண்டை.